வாளில் பூத்த செர்ரிப் பூ!

உளுந்தூர்பேட்டையில் இன்றும் கிடக்கிறது, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். ஜப்பான் பயத்தில் பிரிட்டிஷார் போட்டது. பயம் வீணில்லை, 1942 ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது.

1945-ல் நிலைமை தலைகீழ். பர்மாவிலும் மலேயாவிலும் ஜப்பான் அதிகாரிகள் வாளை ஒப்படைத்தார்கள். அவற்றில் சில, இந்தியப் படையினரோடு நினைவுப்பொருளாக ஊர் வந்து சேர்ந்தன.

அப்படியொரு வாளைக் கண்டால் அலகைவிட முதலில் கைப்பிடியைப் பாருங்கள். 1934-ல் வந்த தரைப்படை அதிகாரி வாளில், கைக்காப்பு முதல் பிடிமுனை வரை செர்ரிப் பூ வேலைப்பாடு இருக்கும். 1935-ல் வந்த சார்ஜென்ட் வாளிலோ, பெரும்பாலும் பிடியே அலுமினிய வார்ப்பு. நூல் சுற்றியதுபோல பெயின்ட் மட்டும்! பூவின் இதழ்கள் மழுங்கித் தெரிந்தால், போலியோ எனச் சந்தேகிக்கலாம்.

அபூர்வமானது, பிடிமுனையில் ஒட்டியிருக்கும் சிறு வெள்ளிச் சின்னம். அது அந்த அதிகாரியின் குடும்ப முத்திரை. ஒரே முத்திரை பல குடும்பங்களுக்கு உண்டு என்பதால், அதை மட்டும் வைத்து வாரிசைக் கண்டுபிடிக்க முடியாது. ஒப்படைத்தபோது கட்டிய பெயர்ச்சீட்டு மிச்சமிருந்தால் அதிர்ஷ்டம்தான்.

ஒன்று மட்டும் வேண்டாம்: குத்துவிளக்கைப்போல புளி போட்டுத் தேய்ப்பது! பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டின் துருவும், அதில் கொல்லர் வெட்டிய பெயரும்தான் வாளின் வயதைச் சொல்லும்.