அறிந்துகொள்வதற்கே வேற்றுமை

எமது ரயில்வே குடியிருப்புக்கு அருகிலுள்ள பள்ளியை நடத்துவோர் இசுலாமியர். ஈராண்டுகட்கு முன் எம் மகளை அங்குச் சேர்த்தபோது, "பிள்ளையின் மொழியும் சமயமும் என்னாகும்?" என்று அன்பர் பலர் கவலையுற்றனர். அக்கவலை எமக்கும் இருந்ததை மறைப்பதற்கில்லை.

சென்ற பொங்கல் நன்னாளில் அப்பள்ளியில் தேர்வு குறித்திருந்தனர். மனக்குறையோடு தலைமையாசிரியரைக் காணச் சென்றோம். முதியவரான அவர் யாம் கூறியதை முற்றும் கேட்டு, "இப்பண்டிகையை யாங்கள் அறியாதிருந்தது பிழையே" என்றார். தமிழ்க் குழந்தைகள் மூவர்க்கும் தேர்வை மறுநாளைக்கு மாற்றினார். பின்னர்த் தம் சமயநெறியை விளக்கினார்.

இறைவன் மாந்தரைப் பல இனங்களாகவும் குலங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்பது குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் உணர்த்தும் கருத்து. சமயத்தில் வற்புறுத்தல் கூடாதென்பது 2-ஆம் அத்தியாயத்தின் 256-ஆம் வசனத்தில் உள்ளது. நபிகள் நாயகமும் ஊர்பெயர்ந்து வாழ்ந்தவரே. கி.பி. 622-இல் அவர் மதீனாவில் குடியேறிய பின் ஏற்பட்ட உடன்பாடு, அங்கிருந்த யூதர் தம் சமயத்தில் நிற்கும் உரிமையை ஏற்றது.

இந்நெறி ஏட்டோடு நின்றுவிடவில்லை. சர் சையது அகமது கான் 1875-இல் அலிகாரில் தொடங்கிய பள்ளி 1877-இல் கல்லூரியாயிற்று. இந்து மாணவரும் அங்குப் பயின்றனர். அக்கல்லூரியின் முதற் பட்டதாரி ஈசுவரி பிரசாத் என்னும் இந்துவே. நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவும், அரசின் ஏற்போ உதவியோ பெறும் பள்ளிகளில், பெற்றோர் இசைவின்றிச் சிறுவரைச் சமயப் பாடத்திற்கு உட்படுத்தலாகாது என்கிறது. எம் மகளின் பள்ளியில் குர்ஆன் பாடவேளையில் பிற சமயப் பிள்ளைகட்கு நீதிபோதனை வகுப்பு நடைபெறுகிறது.

விடைபெறுங்கால் தலைமையாசிரியர் ஒன்று வினவினார்: "உங்கள் மகளின் பக்கத்தில் அமரும் சிறுமியின் வீட்டில் நோன்பு எவ்வாறு நோற்கின்றனர், அறிவீர்களா?"

யாம் விடையின்றி நின்றோம். நம் வழக்கத்தை அவர்கள் அறியவில்லை என்று குறைகூறச் சென்ற யாம், அவர்கள் வழக்கத்தை அறிய ஓரடியும் எடுத்து வைத்ததில்லை.

பொங்கலன்று மாலை அச்சிறுமியின் குடும்பத்தாரை இல்லத்திற்கு அழைத்தோம். ரமலானில் அவர்கள் எம்மை நோன்பு திறக்கும் வேளைக்கு அழைத்தனர். பேரீச்சம்பழத்தைக் கையில் ஏந்தியபடி, பாங்கொலி கேட்கும்வரை எம் மகளும் தோழியோடு காத்திருந்தாள். அன்றிரவே ஊரிலுள்ள பாட்டிக்கு அதனைத் தமிழில் கடிதமாக எழுதினாள்.

அன்பர்களே! ஆண்டுத் தொடக்கத்திலேயே நம் பண்டிகை நாட்களைப் பள்ளிக்கு எழுதிக் கொடுங்கள். அயலார் பண்டிகைகளையும் நம் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கேட்பது நம் உரிமை எனின், அறிவதும் நம் கடமையன்றோ?