டாக்டர் கொடுத்த தேதி

2022 மார்ச் 3, இரவு. கனடாவின் டொரான்டோ நகரில் உள்ள மவுன்ட் சினாய் மருத்துவமனை. வயிற்றில் இரட்டைக் குழந்தைகளோடு வலி கண்டு படுத்திருந்த தாய், எப்படியாவது நள்ளிரவைத் தாண்டிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடித்தால் 22 வாரம் நிறையும். அதற்கு முன் பிறந்தால் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டேகாலுக்குப் பனிக்குடம் உடைந்தது. அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் இருவரும் பிறந்தார்கள். பெண் 330 கிராம், பையன் 420 கிராம். ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட்டின் எடை இரண்டு பேரில் யாருக்கும் இல்லை.

இருவரும் பிழைத்தார்கள். டாக்டர் கொடுத்த தேதிக்கு 126 நாள் முன்பே பிறந்து உயிரோடு இருக்கும் இரட்டையர் என்று கின்னஸ் அவர்களைப் பதிவு செய்தது. தமிழ்ப் பெயர் தாங்கிய குடும்பம் அது.

இப்படிப்பட்ட செய்தி தைரியம் கொடுக்கும். கூடவே ஒரு தவறான கணக்கையும் மனதில் பதிய வைத்துவிடும்: 22 வாரமே பிழைக்கிறது, நம் வீட்டு 34 வாரத்துக்கு என்ன கவலை என்று. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995-ல் 26 வாரம் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தைகளை 'எபிக்யூர்' என்ற ஆய்வு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் 241 பேரை ஆறு வயதில் பரிசோதித்தபோது, ஐந்தில் ஒருவருக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்றில் ஒருவருக்கு லேசான குறை. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மிதமான, அல்லது கடுமையான குறைபாடு. சிகிச்சை அதற்குப் பிறகு நிறையவே முன்னேறிவிட்டது. ஆனாலும் பிழைப்பது ஒரு கட்டம், வளர்வது இன்னொரு கட்டம் என்பது மாறவில்லை.

ஏழு தங்கும், எட்டு தங்காது?

37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது குறைப்பிரசவம். 28 வாரத்துக்கு முன் என்றால் மிகமிக முந்தியது. 28 முதல் 32 வரை மிக முந்தியது. மீதி எல்லாம் மிதமானது. 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. ஏறத்தாழ பத்தில் ஒன்று. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம். வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

இரட்டையர் விஷயத்தில் பல நாடுகளில் பாதிக்கும் மேற்பட்டோர் குறைமாதத்தில்தான் பிறக்கிறார்கள். கருப்பை சீக்கிரமே விரிந்துவிடுகிறது, தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, குழந்தைகளில் ஒன்றின் வளர்ச்சி நின்று மருத்துவர்களே முன்கூட்டி எடுக்க நேர்கிறது. ஒட்டுப்பழம் தின்றதற்கும் இரட்டைக் கரு உண்டாவதற்கும் சம்பந்தம் இல்லை. செயற்கைக் கருத்தரிப்புக்கும் தாயின் வயதுக்கும் சம்பந்தம் உண்டு.

ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே நம்பிக்கை இருக்கிறது என்பது வேடிக்கை. உண்மை நேர் எதிர். வயிற்றுக்குள் கழிகிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குச் சேமிப்புதான். கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து இரும்புச்சத்தும் நோய் எதிர்ப்புப் புரதங்களும் பெருமளவு வந்து சேர்கின்றன, தோலுக்கடியில் கொழுப்பு படிகிறது. 34 வாரக் குழந்தையின் மூளை, நிறைமாத மூளையின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும்.

ஜனாதிபதியின் பிள்ளை

1963 ஆகஸ்ட் 7. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்கூட்டி ஒரு மகன் பிறந்தான். பேட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். எடை 2.1 கிலோ. இன்று நம் ஊர் மாவட்ட மருத்துவமனையில் இந்த எடைக்கு யாரும் பதறுவதில்லை. அன்று பாஸ்டனின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய், உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறைக்குள் வைத்தும் பயனில்லை. 39 மணி நேரத்தில் மூச்சு நின்றது.

நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பூச்சு ஒன்று உண்டு. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். குறைமாதத்தில் அது போதுமான அளவு சுரந்திருக்காது. குழந்தை மூச்சை விட்டதும் அறைகள் சுருங்கி ஒட்டிவிடும். அடுத்த மூச்சுக்கு மறுபடி அவற்றைப் பிரித்துத் திறக்க வேண்டும். புது பலூனை முதல் முறை ஊதும் சிரமத்தை நிமிடத்துக்கு அறுபது தடவை படுவதுபோல. இந்தப் பூச்சு இல்லாததுதான் காரணம் என்று மேரி எல்லன் ஆவ்ரி என்ற மருத்துவர் 1959-லேயே காட்டிவிட்டார். மருந்துதான் வரவில்லை. ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த பூச்சைக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பலன் கண்டது 1980-ல்.

அதைவிட மலிவான வழி நியூசிலாந்தில் பிறந்தது. குழந்தையை முந்திப் பெறும் வாய்ப்புள்ள தாய்க்குப் பிரசவத்துக்கு முன்பே ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் வேகமாகப் பக்குவப்படும் என்று லிக்கின்ஸும் ஹோவியும் 1972-ல் வெளியிட்டார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் "நுரையீரல் வளர்றதுக்கு ஊசி" என்று சொல்லிப் போடுவது இதைத்தான்: 12 மணி நேரத்துக்கு ஒருமுறை டெக்ஸாமெத்தசோன், நான்கு தடவை. ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். அதனால்தான் இரட்டைக் கர்ப்பத்தில் இடுப்பு வலியோ நீர்க்கசிவோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெட்டியும் நெஞ்சும்

"குழந்தையைப் பெட்டியில் வெச்சிருக்காங்க" என்று சொல்லும்போதே வீட்டில் குரல் தாழ்ந்துவிடும். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 1978 வாக்கில் அந்தப் பெட்டிக்கே பஞ்சம். ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டியிருந்தது, தொற்று பரவியது. எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற இரு மருத்துவர்கள் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார்கள். கங்காரு பராமரிப்பு என்று உலகம் அழைப்பது இதுதான்.

பெட்டி இல்லாதவர்களுக்கான மாற்று என்றே பலகாலம் இதை நினைத்தார்கள். டெல்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2021-ல் வந்தபோது அந்த எண்ணம் தலைகீழானது. ஆய்வில் சேர்த்தது ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகளை. உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்ததுமே நெஞ்சில் சேர்த்ததில், முதல் 28 நாளில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. தொடரக் கூடாது என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். மறுதரப்புக் குழந்தைகளுக்கு அதை மறுப்பது நியாயம் இல்லை என்பதால்.

இரட்டையருக்கு என்ன செய்வது? மார்பின் இருபக்கமும் ஒவ்வொருவராகச் சேர்த்துக் கட்டலாம். அல்லது ஒன்று அம்மாவிடம், ஒன்று அப்பாவிடம். அப்பாவின் நெஞ்சும் அதே சூடுதான் தருகிறது. மாமியார், பாட்டி யாராக இருந்தாலும் சரி.

பால் கொடுப்பது தனிக் கலை. உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்று வேலையையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்ய 34 வாரம்போல ஆகும். அதுவரை மூக்குவழிக் குழாய், பிறகு பாலாடை. கிண்ணத்துக்கு மூக்கு வைத்தாற்போன்ற அந்தப் பாத்திரத்தின் நுனியைக் குழந்தையின் கீழுதட்டில் பொருத்தி, ஒரு சொட்டு விட்டு, அது விழுங்குகிறதா என்று தொண்டையைப் பார்த்து, அடுத்த சொட்டு. பத்து மில்லி இறங்கக் கால் மணி நேரம் ஆனாலும் அவசரப்படுத்த முடியாது. இரட்டையர் என்றால் இரண்டாமவரை முடிக்கும்போது முதலாமவருக்கு அடுத்த வேளை வந்துவிடும். தாய்க்குப் பால் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ஆசியாவின் முதல் வங்கி மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இன்று உண்டு.

முப்பதாவது நாள்

பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-ல் ஆறு வாரம் முந்திப் பிறந்தார். பெட்டியில் கொடுத்த ஆக்ஸிஜனே விழித்திரையைக் கெடுத்தது. கண்ணின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்வதற்குள் பிறந்துவிட்டால், அவை வெளியில் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையைப் பிய்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

சென்னையில் 1996-ல் 29 வாரத்தில் 1,250 கிராமில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பார்வை போனது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2015-ல் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவானது. பணத்தால் பார்வை திரும்பாது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாமல் போனது.

34 வாரத்துக்கு முன், அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்திருந்தால் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. இரட்டையரில் ஒன்றுக்குச் சரியாக இருக்கிறது என்பதால் மற்றதையும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செவித்திறன் பரிசோதனையும் அப்படித்தான்.

பெரியவன், சின்னவன்

ஒரே வாரத்தில் பிறந்த இரட்டைக் குழந்தையையும் ஒற்றைக் குழந்தையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. இரட்டையருக்கு வருகிற கூடுதல் பாதிப்பில் பெரும்பகுதி முந்திப் பிறப்பதால் வருவது. விதிவிலக்கு, ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர். அவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு ஒருவரின் ரத்தம் மற்றவருக்குப் பாயும் சிக்கல் வரலாம். ஒரு நஞ்சா, இரண்டா என்பதை 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் சொல்லிவிடும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சு வேறு கதை. பிரிட்டனில் மைக்கேல் ரட்டரின் குழுவினர் 33 வாரத்துக்குப் பின் பிறந்த இரட்டையரை, குறைந்த இடைவெளியில் பிறந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளோடு ஒப்பிட்டு 2003-ல் வெளியிட்டார்கள். 20 மாத வயதில் இரட்டையர் மொழியில் 1.7 மாதம் பின்தங்கியிருந்தார்கள். மூன்று வயதில் 3.1 மாதம். பிரசவச் சிக்கல்களால் இதை விளக்க முடியவில்லை. தாய் ஒவ்வொரு குழந்தையோடும் எவ்வளவு, எப்படிப் பேசுகிறார் என்பதில்தான் விளக்கம் கிடைத்தது.

யோசித்தால் புரியும். ஒரு பிள்ளை என்றால் "கண்ணா, இது என்ன, காக்காவா? காக்கா எங்கே போச்சு?" இரண்டு என்றால் "ரெண்டு பேரும் வாங்க, சாப்பிடுங்க, அழாதீங்க." தாயைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை, அவருக்கு இருப்பது ஒரு வாய், இரண்டு கை. குளிப்பாட்டும் பத்து நிமிடமாவது ஒருவரோடு மட்டும், பெயர் சொல்லி, முகம் பார்த்துப் பேச வீட்டில் இன்னொருவர் இடம் கொடுக்க வேண்டும். ஒப்பிடும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது: இரண்டு நிமிடம் முந்திப் பிறந்தவன் 'பெரியவன்' ஆகி, எல்லாவற்றிலும் முந்த வேண்டியவனாகிவிடுகிறான். சின்னவன் நடக்கத் தாமதித்தால் வீடே அவன் காலையே பார்க்கிறது.

கழித்தல் கணக்கு

எட்டு வாரம் முந்திப் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் என்றால், வளர்ச்சிக் கணக்கில் அதற்கு நான்கு மாதம்தான். கழுத்து நிற்பது, குப்புற விழுவது, உட்கார்வது, முதல் சொல் எல்லாவற்றையும் டாக்டர் கொடுத்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும். இரண்டு வயதுவரை இந்தக் கழித்தல் நடக்கும். அப்படிக் கழித்த பிறகும் பின்தங்கினால் காத்திருக்காமல் மாவட்ட மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம். அங்கே இயன்முறை, பேச்சுப் பயிற்சி இரண்டும் உண்டு.

வீட்டு வழக்கங்களில் சில இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. சேனை வைக்க வேண்டாம், வசம்பு வேண்டாம், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். குளித்ததும் காட்டும் சாம்பிராணிப் புகையை இந்த நுரையீரல் தாங்காது. இரட்டையரை ஒரே தூளியில் சேர்த்துப் போடாமல் தனித்தனியே மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மருத்துவர் எழுதிய இரும்புச் சொட்டையும் வைட்டமின் டி சொட்டையும் குழந்தை தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

தடுப்பூசிக்கு மட்டும் கழித்தல் கிடையாது. "இன்னும் சின்னதா இருக்கே, எடை கூடட்டும்" என்று தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. பிறந்ததும் போடும் ஓரிரு ஊசிகளை எடையைப் பார்த்து மருத்துவர் தள்ளிவைக்கலாம். ஆறாவது வாரத்து ஊசி, பிறந்த தேதியிலிருந்து ஆறாவது வாரத்திலேயே. தடுப்பூசி அட்டையில் பிறந்த தேதி, டாக்டர் கொடுத்த தேதி இரண்டையும் எழுதி, எதற்கு எது என்று செவிலியரிடம் ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். இரட்டையர் என்றால் இரண்டு அட்டை. மாறிப்போகாமல் இருக்க மேலே பெயரைப் பெரிதாக எழுதிவைப்பது நல்லது.