மேட்டூர் மீன் வறுவல்: தட்டில் இருப்பது அணை மீன்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

"வாங்கண்ணா, அணை மீனுங்க... இப்பத்தான் பொரிச்சதுங்க!"

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேட்டூர் அணைப் பூங்கா பக்கம் போனால், காரை நிறுத்துவதற்குள் இந்தக் குரல் கேட்டுவிடும். மசாலா தடவி வரிசையாக அடுக்கிய மீன் துண்டுகள், கொதிக்கும் எண்ணெய், மேலே தூவ வெங்காயம், எலுமிச்சை. சேலத்திலிருந்து சுமார் 50 கி.மீ. பைக்கில் வருபவர்களும், ஈரோடு, நாமக்கல், தருமபுரியிலிருந்து குடும்பத்தோடு வருபவர்களும் அணையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, மீன் சாப்பிடாமல் திரும்புவதில்லை. ஆடிப்பெருக்கு அன்று கேட்கவே வேண்டாம்.

ஐரோப்பாவில் சுற்றுலா போகிறவர்கள் ஊருக்கு ஊர் ஸ்டெய்க் ஹவுஸ், கிரில் உணவகம் என்று தேடிப் போவார்கள். நம்ம ஊரில் பயணிகளுக்கான 'கிரில்' என்றால் அது அணைக்கட்டு மீன் கடைதான். ஆனால், 'அணை மீன்' என்று சொல்லித் தரும் அந்த ஒரு பிளேட்டுக்குப் பின்னால் ஒரு ஆறு, ஒரு அணை, அதை நம்பியிருக்கும் பரிசல்காரர்கள் எல்லாம் இருக்கிறார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இந்த மீன்கள் காவிரியில் எப்போதுமே இருந்தவையா?

இல்லை. கடைகளில் அதிகம் பார்க்கும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியைச் சேர்ந்த கெண்டை இனங்கள். 'ஜிலேபி' என்று அழைக்கப்படும் திலாப்பியா அதைவிடத் தூரத்து விருந்தாளி. ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வேகமாகப் பெருகும் தன்மை உள்ளதால் தமிழ்நாட்டின் குளம், ஏரி, அணை எல்லாவற்றிலும் பரவிவிட்டது.

மேட்டூர் அணையின் கட்டுமானம் 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரால் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஓடிக்கொண்டிருந்த ஆறு திடீரென்று கடல் மாதிரி தேங்கி நின்றபோது, அந்தத் தேங்கிய தண்ணீரில் நன்றாக வளரக்கூடிய மீன்கள் தேவைப்பட்டன. அப்படித்தான் கட்லா போன்ற வடக்கத்தி மீன்கள் இங்கே விடப்பட்டன.

ஆரம்பத்தில் இந்தக் குஞ்சுகளை வட இந்திய ஆறுகளிலிருந்து சேகரித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10-ல் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானியும் அவரது குழுவும் ஹார்மோன் ஊசி மூலம் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள். அதன்பிறகு குஞ்சு உற்பத்தி பண்ணைக்குள்ளேயே சாத்தியமானது. அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். மேட்டூரிலும் அரசு மீன் பண்ணை இருக்கிறது. அங்கே வளர்க்கப்படும் குஞ்சுகள் அணையில் விடப்படுகின்றன.

அப்படியென்றால் காவிரியின் சொந்த மீன்கள் என்ன ஆயின?

இங்கேதான் வருத்தமான பகுதி. கடலிலிருந்து ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு வந்து முட்டையிடும் உல்லம் மீன் (வங்காளிகள் கொண்டாடும் அதே ஹில்சா) ஒருகாலத்தில் காவிரியிலும் பிடிக்கப்பட்டது. கொள்ளிடத்தில் கட்டப்பட்ட தடுப்பணைகள் ஏற்கெனவே அதன் வழியை மறித்திருந்தன. மேட்டூர் அணை வந்து வெள்ளத்தின் போக்கே மாறியதும், காவிரியில் உல்லம் மீன்பிடிப்பு ஏறக்குறைய முடிந்துபோனது. காவிரிக்கே உரிய கெண்டை வகைகள் சிலவும் அணையில் குறைந்தன.

இன்னொன்று, யானைக்கெண்டை எனப்படும் திமில் மஹசீர். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்த மீனை, அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக ஐ.யு.சி.என். அமைப்பு 2018-ல் அறிவித்தது. மஹசீர் என்று சொல்லி யாராவது பொரித்துத் தந்தால், சந்தோஷப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மீன் எப்படிப் பிடிக்கப்படுகிறது?

மேட்டூர் அணையில் மீன் பிடிக்க மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். அணை என்றவுடன் மேட்டூர் டவுன் மட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால், நீர்த்தேக்கம் சேலம் மாவட்டத்தின் கொளத்தூர், பண்ணவாடி, கோட்டையூர் பகுதிகளிலிருந்து தருமபுரி மாவட்டத்தின் நாகமரை, ஏமனூர் வரை விரிந்து கிடக்கிறது. இந்தக் கரையோர ஊர்களில் மீன்பிடித் தொழிலை நம்பி நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன.

பெரிய படகெல்லாம் இல்லை. மூங்கிலில் முடைந்த வட்டப் பரிசல்தான் முக்கிய வாகனம். பொதுவாகச் சாயங்காலம் பரிசலில் போய் வலையை விரித்துவிட்டு வருவார்கள். விடியற்காலையில் போய் எடுப்பார்கள். வலையின் கண்ணில் தலையை நுழைக்கும் மீன், செவுள் மாட்டிக்கொண்டு பின்வாங்க முடியாமல் சிக்கும். அதனால் வலைக் கண்ணின் அளவு ரொம்ப முக்கியம். கண் பெரிதாக இருந்தால் குட்டி மீன் தப்பித்துவிடும். சிறிய கண் வலை போட்டால் வளர வேண்டிய குஞ்சும் சேர்ந்து வந்துவிடும். அரசு விட்ட குஞ்சு கிலோ கணக்கில் வளர்வதற்கு முன்பே கிராம் கணக்கில் விற்றுப்போகும். அடுத்த வருஷம் வலையில் என்ன இருக்கும் என்பதை இந்த வருஷ வலைக் கண்தான் முடிவு செய்கிறது.

அணையின் நீர்மட்டத்துக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் இருக்கிறது. 2024-ஐயே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஜூலை தொடக்கத்தில் நீர்மட்டம் சுமார் 40 அடிதான். டெல்டா பாசனத்துக்கு வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-ல் அந்த வருஷம் திறக்க முடியவில்லை. பிறகு கர்நாடகத்தில் மழை கொட்டி, ஜூலை 30-ல் அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. ஒரே மாதத்தில் 80 அடி உயர்வு.

டிவியில் பார்க்கும் நமக்கு அது நல்ல செய்தி. வலை போடுகிறவருக்கு விஷயம் இவ்வளவு எளிதல்ல. தண்ணீர் குறையும்போது மீன்கள் ஒரே இடத்தில் நெருங்கும், வலையில் எளிதாகச் சிக்கும். ரொம்பவே குறைந்தால் வெயிலில் ஆக்சிஜன் பற்றாமல் செத்து மிதக்கும். வெள்ளம் வரும்போது மீன்கள் பரந்த தண்ணீரில் சிதறிவிடும். வலையையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போகும். பரிசல் இறக்கவும் அனுமதி இருக்காது. அணை நிரம்பி 16 கண் மதகு வழியாக உபரிநீர் போனால், அதோடு மீனும் போகும். தண்ணீர் நின்றதும் மதகுக்குக் கீழே பாறைக் குட்டைகளில் மீன்கள் மாட்டிக்கொள்வதை மேட்டூர்க்காரர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் விவசாயத்தையும் குடிநீரையும் வைத்து எடுக்கப்படும் முடிவு. அந்தக் கணக்கில் மீனுக்குத் தனிப் பங்கு கிடையாது. மீனவர் குடும்பத்தின் வருமானம் அந்தக் கணக்கைப் பின்தொடர்ந்துதான் ஏறும், இறங்கும்.

கடையில் சொல்வது போல எல்லாமே அணை மீன்தானா?

இங்கே கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். கட்லாவும் ரோகுவும் அணையில் மட்டும் வளர்வதில்லை. ஆந்திராவின் கொல்லேறு பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் குளங்களில் இதே மீன்கள் வளர்க்கப்பட்டு, ஐஸ் பெட்டிகளில் தமிழ்நாட்டு மார்க்கெட்டுகளுக்கு வருகின்றன. ஆக, 'இது கட்லாவா?' என்ற கேள்விக்குப் பதில் 'ஆமா' என்றாலும், 'இது மேட்டூர் கட்லாவா?' என்ற கேள்வி அப்படியே நிற்கும். மசாலா தடவிய துண்டைப் பார்த்து யாராலும் அதைச் சொல்ல முடியாது.

இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டுமில்லை. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரை உணவகங்களில் 'பெர்ச்' மீன் வறுவல் ரொம்பப் பிரபலம். ஏரியைப் பார்த்துக்கொண்டே அதைச் சாப்பிடும் பயணிகளின் தட்டில் இருப்பது பெரும்பாலும் வேறு நாட்டிலிருந்து இறக்குமதியான மீன். ஏரியில் கிடைப்பது அந்தக் கூட்டத்துக்குப் போதாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றுக்கும் நடுவே உள்ள கான்ஸ்டன்ஸ் ஏரியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே புகழ்பெற்ற வெள்ளை மீன் அவ்வளவு குறைந்துபோனதால், 2024 தொடக்கத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அதைப் பிடிக்கவே தடை போட்டார்கள்.

வெளியூர் மீனை விற்பது தப்பில்லை. வெளியூர் மீனை 'அணை மீன்' என்று சொல்லி விற்றால்தான் சிக்கல். அப்படி நடக்கும் இடத்தில் நஷ்டம் சாப்பிடுகிறவருக்கு மட்டுமில்லை. அணை மீன் என்ற பெயருக்குக் கிடைக்கும் விலை, விடிகாலையில் பரிசல் தள்ளியவருக்குப் போய்ச் சேராது.

ஏன் கிரில் செய்யாமல் எண்ணெயில் பொரிக்கிறார்கள்?

காரணம் முள். கெண்டை மீன்களின் சதைக்குள் ஒய் வடிவத்தில் மெல்லிய முட்கள் நிறைய இருக்கும். தணலில் வாட்டினால் சதை வெந்தாலும் முள் அப்படியே இருக்கும். குறுக்கே மெல்லிய துண்டாக வெட்டி, கத்தியால் கீறி, சூடான எண்ணெயில் பொரித்தால் சின்ன முட்கள் மொறுமொறுப்பாகிவிடும். ஜிலேபியில் இந்த முள் தொல்லை இல்லை. முழு மீனாகவே கீறி மசாலா தடவி, தோசைக்கல்லில் போட்டு எடுக்கலாம்.

ஜெர்மனியின் ஃபிராங்கோனியா பகுதியிலும் கெண்டை மீனை இப்படித்தான் எண்ணெயில் பொரிக்கிறார்கள். பாதி மீன் அப்படியே ஒரு தட்டில் வரும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சீசன். செக் நாட்டில் கிறிஸ்துமஸ் இரவு சாப்பாடே பொரித்த கெண்டை மீன்தான். மசாலா மட்டும்தான் வேறே.

சிலர் 'டேம் மீன்ல மண் வாசனை அடிக்குது' என்பார்கள். அது மண் இல்லை. தண்ணீரில் உள்ள பாசியும் சிலவகை நுண்ணுயிர்களும் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்ற வேதிப்பொருள். முதல் மழையில் மண்ணிலிருந்து கிளம்புமே, அதே வாசனைக்கும் இதுதான் காரணம். புளிப்பு பட்டால் இது சிதைந்துவிடும். எலுமிச்சை, புளி, தயிர் சேர்த்து ஊறவைக்கும் நம்ம பாட்டிகளின் வழக்கத்தில் சயின்ஸ் இருக்கிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் சில பகுதிகளில் தண்ணீர் பச்சையாகி நாற்றம் அடித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்த சம்பவங்களும் உண்டு. பாசி கூடினால் மீனின் வாசனையும் கூடும்.

எண்ணெய், கலர்: எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது 'போலார் சேர்மங்கள்' உருவாகின்றன. இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் அமல்படுத்தியது. அதை அளக்கும் கருவி நம் கையில் இருக்காது. கண்ணும் மூக்கும் இருக்கிறதே. எண்ணெய் கருத்து, கெட்டியாகி, நுரைத்து, சீக்கிரமே புகைந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடலாம்.

அடுத்தது கலர். பொரித்த இறைச்சி, மீனில் செயற்கை நிறமி சேர்க்கக் கூடாது. 2024 ஜூனில் கர்நாடக அரசு கபாப் வகைகளில் செயற்கை நிறமிக்குத் தனி உத்தரவு போட்டே தடை விதித்தது. மிளகாய்த்தூளும் மஞ்சளும் சேர்ந்தால் பொரித்த பிறகு செம்பழுப்பாகத்தான் இருக்கும். பளீரென்று ரத்தச் சிவப்பு தெரிந்தால் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

அடுத்த வாரம் மேட்டூர் போகிறீர்களா?

* மசாலா தடவிய துண்டை வாங்குவதைவிட, முழு மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்டு, வெட்டிப் பொரித்துத் தரச் சொல்வது நல்லது. ஒகேனக்கல்லில் மீனை வாங்கி, சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுப்பது மாதிரி.

* கண் தெளிவாக, வெளியே பிதுங்கியபடி இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை திரும்பி எழ வேண்டும்.

* வலை எடுப்பது காலையில். எனவே முற்பகலில் போனால் அன்றைய மீன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

* அணையில் வெள்ளம் போகும் நாட்களில், கடை முழுக்கப் பெரிய கட்லாவாக இருந்தால் "இது எங்கிருந்து வந்ததுங்கண்ணா?" என்று கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் 'ஆந்திரா மீனுங்க' என்றே சொல்லிவிடுவார். நல்ல மீனாக இருந்தால் அதையும் சாப்பிடலாம்.

* உள்ளங்கை அளவுகூட இல்லாத கட்லா, ரோகு குஞ்சுகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை வளர்ந்திருந்தால் ஒரு குடும்பமே சாப்பிட்டிருக்கலாம்.

கேள்வி கேட்பது பேரம் பேசுவதற்காக மட்டுமில்லை. 'எங்க பிடிச்சது, எப்பப் பிடிச்சது' என்று நாலு பேர் கேட்க ஆரம்பித்தால், அணை மீனை அணை மீனாகவே வாங்கி விற்கும் கடைக்கு மதிப்பு கூடும். அந்தக் கடைக்கு மீன் தருபவர், சாயங்காலம் பண்ணவாடிக் கரையிலோ கோட்டையூர்க் கரையிலோ மறுபடியும் பரிசலை இறக்கத் தயாராகிக்கொண்டிருப்பார்.