சூழலியல் தந்த இரு வழிகள்
நகரங்கள் உருவான கதை – 17

உயிரினங்கள் ஒன்றோடொன்றும் தாம் வாழும் சூழலோடும் கொண்டுள்ள உறவை ஆராயும் துறைக்கு எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1866-இல் பெயர் சூட்டினார். சூழலியல் என்று தமிழில் வழங்கும் அத்துறையின் கருத்துகள் அடுத்த அறுபது ஆண்டுகளுக்குள் குளத்தையும் காட்டையும் கடந்து நகரத்தை விளக்கவும் கையாளப்பட்டன. சென்ற இதழில் கண்ட எபனேசர் ஹோவர்டின் பூங்கா நகரம், பழைய நகரத்தைவிட்டு வெளியே புதிய ஊர் அமைப்பதைத் தீர்வாக முன்வைத்தது. இருக்கும் நகரத்தையே உயிரினங்களின் கூட்டு வாழ்வாகக் கண்டவர்கள், சூழலியலிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்து இரு வேறு வழிகளில் சென்றனர்.

முதல் வழிக்குரியவர் ஸ்காட்லாந்தில் 1854-இல் பிறந்த பாட்ரிக் கெடிஸ். தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்று, டண்டீயில் தாவரவியல் பேராசிரியராக இருந்த அவர், மலை உச்சி முதல் கடற்கரை வரை நிலம் மாற மாறத் தொழிலும் குடியிருப்பும் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஒரே குறுக்குவெட்டுப் படத்தில் காட்டினார். ஐந்திணைப் பகுப்பை அறிந்த தமிழருக்கு இந்தப் பார்வை அந்நியமாகத் தோன்றாது. இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் நேரில் கண்டு ஆராய்ந்த பிறகே திட்டம் வரைய வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. 1914-இல் அவர் இந்தியாவுக்கு அனுப்பிய நகரத் திட்டக் கண்காட்சிப் பொருள்கள், அவை வந்த கப்பலை எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்ததால் கடலில் போயின. மீண்டும் திரட்டிய பொருள்களைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. அதையொட்டித் தஞ்சை, மதுரை உள்ளிட்ட சென்னை மாகாண ஊர்களை ஆராய்ந்தபோது, நெருக்கமான தெருக்களை இடித்து நேர்சாலை போடுவதைவிட, பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, காலி மனைகளைத் திறந்த வெளியாக்கி, மரம் நட்டு, மற்றவற்றைப் பழுதுபார்ப்பதே மேல் என்று அவர் வாதிட்டார். நல்ல உறுப்பைக் காத்து நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கும் மருத்துவத்துக்கு ஒப்பான இம்முறைக்குக் ‘காக்கும் அறுவைச் சிகிச்சை’ என்று பெயர்.

இரண்டாவது வழி சிகாகோவில் பிறந்தது. வெற்று மணலில் முதலில் புல் முளைத்து, பின் புதரும் மரமும் அதன் இடத்தைப் பிடிப்பதை மிச்சிகன் ஏரிக் கரையின் மணல்மேடுகளில் ஹென்றி கவுல்ஸ் 1899-இல் விளக்கினார். தாவர வழிமுறை வளர்ச்சி என்று இதைச் சொல்வர். அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர்களான ராபர்ட் பார்க்கும் எர்னஸ்ட் பர்ஜெஸும் இத்தகைய கருத்துகளை மனிதருக்குப் பொருத்தினர். நகரம் பொதுமைய வட்டங்களாக விரிகிறது, ஒவ்வொரு வட்டத்தினரும் அடுத்த வட்டத்துக்குள் புகுந்து அங்கிருப்போரின் இடத்தைப் பிடிக்கின்றனர் என்று 1925-இல் பர்ஜெஸ் எழுதினார். விளக்கமாகப் பிறந்த இக்கருத்து விரைவில் விதியாயிற்று. அமெரிக்காவில் 1934-இல் தோன்றிய கூட்டாட்சி வீட்டு வசதி நிர்வாகத்தின் மதிப்பீட்டுக் கையேடு, வேற்றினத்தார் ஒரு பகுதிக்குள் ‘ஊடுருவுவதை’ வீட்டு மதிப்பைக் குறைக்கும் கேடாகக் கணக்கிட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குக் கடன் உத்தரவாதம் மறுக்கப்பட்டது. பணம் வராததால் சிதைந்த தெருக்கள், இயல்பாகவே சிதைந்தவை என்று ஏடுகளில் பதிவாயின.

கெடிஸின் வழியை ஒத்த முயற்சி பின்னர் மற்றொரு ஸ்காட்லாந்தியரிடம் தோன்றியது. 1969-இல் வெளியான ‘இயற்கையோடு வடிவமைத்தல்’ என்ற நூலில் இயான் மெக்ஹார்க், சரிவு, மண், நீரோட்டம், காடு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி ஒளிபுகும் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டினார். கணினிவழி நில வரைபடங்கள் இன்று பின்பற்றும் அடுக்கு முறைக்கு இது முன்னோடி.

ஒரே அறிவியல் ஒருபுறம் ஊரைக் காக்கவும் மறுபுறம் குடிகளைக் கைவிடவும் துணைநின்றதற்குக் காரணம், கெடிஸ் அதிலிருந்து கவனித்துப் பார்க்கும் முறையை எடுத்துக்கொள்ள, சிகாகோவைப் பின்பற்றிய அதிகாரிகள் உவமையை எடுத்து அதையே சட்டமாக்கியதுதான். ஒரு நகரத் திட்ட அறிக்கை கைக்கு வரும்போது, அதை எழுதியவர்கள் அந்தத் தெருவில் நடந்தார்களா என்பதை முதலில் கேட்க வேண்டும்.