துபாய்க்கு ரெண்டரை மணி நேரமா? ஏமாற்றும் விமான டிக்கெட்!

ராஜபாளையம்:

"காலை 11 மணிக்கு மதுரையில் ஏறுறான். பகல் ஒன்றரைக்கு துபாயில் இறங்குறான். ரெண்டரை மணி நேரத்தில் துபாயா?"

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் வீடுகளில், டிக்கெட்டைப் பார்த்ததும் எழும் கேள்வி இது. மதுரைக்கு பஸ்ஸில் போகவே 2 மணி நேரத்துக்கு மேல் ஆகிறதே!

டிக்கெட்டில் பொய் இல்லை. அதில் போட்டிருப்பது அந்தந்த ஊர் மணி. துபாய் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அங்கே பகல் ஒன்றரை என்றால் இங்கே மாலை 3 மணி. ஆக, வானத்தில் 4 மணி நேரம்.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ். அதே 4 மணி நேரப் பயணம், டிக்கெட்டில் ஐந்தரை மணி நேரம் போலத் தெரியும்!

சிங்கப்பூரும் அதே தூரம்

மதுரையிலிருந்து துபாய், நேர்கோட்டில் சுமார் 2,950 கிலோ மீட்டர். எதிர்த்திசையில் இருக்கும் சிங்கப்பூர் சுமார் 3,000. பறக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சிங்கப்பூர் மணி நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால். அதனால் போகும்போது நீளமாகவும், வரும்போது குறைவாகவும் தெரியும்.

கொழும்புக்கு இந்தக் குழப்பமே இல்லை. இரண்டு ஊருக்கும் ஒரே மணி. 2012 செப்டம்பர் 20-ந் தேதி மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் பறந்தது அங்கேதான். தூரம் சுமார் 355 கிலோ மீட்டர். சென்னையோ 420. ஆகாயத்தில் மதுரைக்கு சென்னையைவிட கொழும்புதான் பக்கம்!

தரையில்தான் தாமதம்

ராஜபாளையத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 80 கிலோ மீட்டர். திருமங்கலம் வழியாக காரில் போனாலும் 2 மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். 11 மணி விமானத்துக்கு 6 மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். தரையில் 5 மணி நேரம், வானத்தில் 4!

புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுண்டரை மூடிவிடுவார்கள். அப்புறம் கெஞ்சினாலும் நடக்காது. கடன் வாங்கி எடுத்த டிக்கெட் வீண்.

சென்னை, திருச்சியில் நள்ளிரவு விமானம் என்றால் இன்னும் உஷார்! டிக்கெட்டில் '12-ந் தேதி, 00.40' என்றிருந்தால் 11-ந் தேதி ராத்திரியே அங்கே இருக்க வேண்டும். 12-ந் தேதி ராத்திரி போனால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும்.

வழியனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்ம ஊர் கடிகாரத்தில் ஒன்றரை ஆகியும் போன் வரவில்லையே என்று பதற வேண்டாம். அப்போது பையன் அரபிக் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருப்பான். 3 மணிக்கு இறங்கி, பாஸ்போர்ட் சோதனை முடிந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் போன் வரும்.

நாலு மணிவரை பொறுங்கள்!