நீட் மாதிரித் தேர்வு: மதிப்பெண்ணைப் பெற்றோர் எப்படிப் பார்க்க வேண்டும்?



2022 ஜனவரியில் தமிழகத்தில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம் திருப்பூரும் ஒன்று. பனியன் கம்பெனி சம்பளத்தை நம்பியிருக்கும் நம் வீடுகளிலும் டாக்டர் கனவோடு நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயிற்சி மையத்திலிருந்து ஞாயிறுதோறும் அத்தாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு எண் வருகிறது. போன வாரம் 410, இந்த வாரம் 385. அவ்வளவுதான், வீட்டில் பேச்சு மாறிவிடுகிறது. "இவனுக்கு இது சரிப்படாது, கம்பெனிக்கே வரட்டும்" என்கிறார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் "ஒரு வருஷம் பார்த்தாச்சு, மாப்பிள்ளை பார்க்கலாம்" என்கிறார்கள்.

இவ்வளவு பெரிய முடிவை எடுப்பதற்கு முன், அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே மதிப்பெண், இரண்டு பிள்ளைகள்

நீட் தேர்வில் இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என மொத்தம் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். விடையளிக்காமல் விட்டால் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. மொத்தம் 720.

இரண்டு பிள்ளைகள் 400 வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளை 104 சரி, 16 தவறு, 60 கேள்விகளைத் தொடவே இல்லை. 416இல் 16 போக 400. இரண்டாவது பிள்ளை 116 சரி, 64 தவறு, எதையும் விடவில்லை. 464இல் 64 போக அதே 400.

வாட்ஸ்அப்பில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் பிள்ளை தொட்டதைப் பெரும்பாலும் சரியாகச் செய்கிறது. அதற்கு வேகம் போதவில்லை, அல்லது இன்னும் படிக்காத பாடங்கள் இருக்கின்றன. இரண்டாவது பிள்ளை தெரியாததிலும் கை வைக்கிறது, அல்லது அவசரத்தில் தவறுகிறது. முதல் பிள்ளையிடம் "கவனமாகச் செய்" என்பதும், இரண்டாவது பிள்ளையிடம் "வேகமாகச் செய்" என்பதும் இருவரையும் கெடுத்துவிடும்.

அதிர்ஷ்டத்தின் பங்கு

விடை தெரியாத 20 கேள்விகளுக்கு ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நான்கில் ஒன்று சரி என்ற கணக்கில் 5 சரியாகும், 15 தவறாகும். லாபம் வெறும் 5 மதிப்பெண். ஆனால் ஒரு வாரம் 8 சரியாக விழலாம், அப்போது 20 மதிப்பெண் கூடும். இன்னொரு வாரம் 2 மட்டுமே சரியாகலாம், அப்போது 10 குறையும். பிள்ளையின் அறிவு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் எண்ணில் 30 வித்தியாசம் வந்துவிடுகிறது. 410, 385 ஆனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே ஒரு வார ஏற்றத்தில் பூரிக்கவும் வேண்டாம், ஒரு வார இறக்கத்தில் உடைந்து போகவும் வேண்டாம். முழுப் பாடத்திட்டத்திலும் எழுதிய நான்கைந்து தேர்வுகளின் சராசரியைப் பாருங்கள். ஒரு பாடத்துக்கு மட்டும் வைக்கும் தேர்வையும் முழுத் தேர்வையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். உண்மையான தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, ஓ.எம்.ஆர் தாளில் பேனாவால் எழுதுவது. இரவில் செல்போனில் எழுதிய தேர்வின் மதிப்பெண் அதற்கு ஈடாகாது. ரமலானில் ஸஹருக்கு எழுந்து தூக்கம் குறைந்த நாட்களின் மதிப்பெண்ணையும் தனியாகவே பாருங்கள்.

தவறை வகை பிரிப்பது

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. செக்கிங் டேபிளில் 50 பீஸ் ரிஜெக்ட் என்றால், எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு யாரும் போவதில்லை. ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டதா என்று பிரிக்கிறார்கள். ஓட்டை என்றால் துணியைப் பார்க்க வேண்டும், தையல் விட்டது என்றால் டெய்லரிடம் போக வேண்டும். வகை தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும்.

அதுபோல, தேர்வு எழுதும்போதே சந்தேகத்தோடு குறிக்கும் விடைகளுக்குப் பக்கத்தில் வினாத்தாளில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் போதும்.

1. நன்கு தெரிந்து சரியானவை.
2. ஊகித்ததில் சரியானவை.
3. தெரிந்தும் தவறியவை: கணக்குப் பிழை, கேள்வியைத் தவறாகப் படித்தது, வேறு வட்டத்தை நிரப்பியது.
4. தெரியாமல் தவறியவை, விட்டவை.

பிள்ளையின் உண்மையான பலம் முதல் கட்டம். இரண்டாவது கட்டம் இரவல் பணம் போல, அடுத்த வாரம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மூன்றாவது கட்டத்துக்குப் புதிதாக எதையும் படிக்க வேண்டாம், பழக்கத்தைத் திருத்தினால் போதும். நான்காவது கட்டத்தைப் பாடம் வாரியாகப் பிரித்தால், எந்தப் புத்தகத்தை எடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஹிஃப்ளு ஓதும் பிள்ளை தடுமாறிய இடத்தை உஸ்தாத் குறித்து வைத்து, மறுநாள் அந்த இடத்தையே மீண்டும் ஓதச் சொல்வார். தவறிய கேள்விகளையும் ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்ய வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் அடுத்தடுத்து தேர்வு எழுதிக்கொண்டே போனால், அதே தவறுகள்தான் திரும்ப வரும்.

"இத்தனை எடுத்தால் சீட்" என்ற பேச்சு

"650 எடுத்தால் போதும்" என்பது போன்ற பேச்சுகளை அப்படியே நம்பாதீர்கள். 2024 நீட் தேர்வில் 650க்கு மேல் எடுத்தவர்கள் 30,000க்கும் அதிகம். திருத்தப்பட்ட முடிவிலும் 17 பேர் 720க்கு 720 பெற்றிருந்தார்கள். 2025இல் வினாத்தாள் கடினம். நாட்டிலேயே முதலிடம் 686தான், 650க்கு மேல் 73 பேர் மட்டுமே. ஓ.பி.சி பிரிவுக்கான தகுதி மதிப்பெண்ணும் 127லிருந்து 113 ஆக இறங்கியது. ஒரே ஆண்டில் மதிப்பெண்ணின் மதிப்பு இவ்வளவு மாறிவிட்டது. மாதிரித் தேர்வும் அப்படித்தான். கடினமான தாளில் எடுத்த 380, எளிய தாளில் எடுத்த 430ஐ விட மேலாக இருக்கலாம். எனவே அதே தாளை எழுதியவர்களில் பிள்ளை எத்தனையாவது இடம் என்று கேளுங்கள். எழுதியவர்கள் 60 பேரா 6,000 பேரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தகுதி மதிப்பெண் வேறு, சீட் கிடைக்கும் மதிப்பெண் வேறு. 2025இல் தகுதி பெற்றவர்கள் மட்டும் 12 லட்சத்துக்கும் மேல். தமிழக அரசு ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் உண்டு. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் தனி. எனவே மாநிலத் தேர்வுக் குழு வெளியிடும் தரவரிசைப் பட்டியலில் நம் பிரிவுக்கான இடத்தைப் பாருங்கள். ஒரே ஆண்டை மட்டும் பார்க்காமல், இரண்டு மூன்று ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு ஓ.பி.சி சான்றிதழ் தேவைப்படும். அதை இப்போதே எடுத்து வையுங்கள்.

முடிவெடுக்கும் நேரம்

இன்னொரு வருடம் படிக்க வைப்பதா என்ற கேள்வி வரும்போது, கடைசி மதிப்பெண்ணைப் பார்க்காமல் அந்த நோட்டை எடுங்கள். மூன்று மாதங்களாக முதல் கட்டம் வளர்ந்து வருகிறதா? வளர்ந்தால், பெண்ணோ ஆணோ, அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வாய்ப்பு தருவது நியாயம். உண்மையாக உழைத்தும் அது அசையாமல் நிற்கிறதென்றால், கடன் வாங்கி இன்னொரு வருடம் கட்டுவதற்கு முன் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். தமிழகத்தில் நர்சிங், பி.பார்ம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. அவையும் மரியாதையான வாழ்க்கைதான்.

2017இல் அரியலூர் மாவட்ட மாணவி அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்திருந்தார். நீட்டில் 86. அந்த ஆண்டு செப்டம்பரில் அவரை நாம் இழந்தோம். ஒரு தேர்வின் எண் ஒரு பிள்ளையின் முழு மதிப்பாகாது என்பதை இதைவிட வலியோடு வேறு எதுவும் சொல்லாது. பிள்ளை பேச்சைக் குறைத்தால், சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டால், மதிப்பெண் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் எந்த நேரமும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். தயங்காமல் கூப்பிடுங்கள்.

இந்த ஞாயிறு எண் வந்ததும் "எத்தனை?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் தடுமாறினாய்?" என்று கேளுங்கள். நம் பிள்ளைகளின் உழைப்புக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக!