நாற்பதில் இரும்பு - 7: மூணு செட், பத்து பத்து

புதிதாக எடை தூக்குகிறவருக்கு முதல் சில வாரங்களில் பலம் கூடுவது தசை பெருத்து அல்ல. இருக்கிற தசையை வேலை வாங்க நரம்பு பழகிக்கொள்வதால்தான் என்று போன வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

எந்த ஊர் ஜிம்மில் சேர்ந்தாலும் முதல் நாள் மாஸ்டர் சொல்வது ஒன்றுதான். "மூணு செட் போடுங்க சார். செட்டுக்குப் பத்து." ஏன் பத்து என்று கேட்டால், "அதான் சார் கணக்கு" என்பார். அந்தக் கணக்கை யார் போட்டது என்று தேடப் போய் என் வாரம் போயே போச்சு. முட்டையும் சுண்டலும் பற்றி எழுதுவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். பொறுத்துக்கொள்வார்.

ஆள் கிடைத்துவிட்டார். பெயர் தாமஸ் டெலார்ம், அமெரிக்க ராணுவ டாக்டர். இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவில் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் வேலை. வார்டு நிறைய தொடை எலும்பு முறிந்தவர்கள், முழங்காலில் ஆபரேஷன் ஆனவர்கள். மாவுக்கட்டைப் பிரித்தால் தொடை சூம்பிப் போயிருக்கும். லேசான எடையைப் பல தடவை தூக்க வைப்பதுதான் அன்றைய வைத்தியம். தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆனது. கட்டில் காலியாகவில்லை, புதிய நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

டெலார்ம் சிறுவயதில் வாதக் காய்ச்சலில் நெடுநாள் படுத்தவர். எழுந்தபின் எடை தூக்கித்தான் உடம்பைத் தேற்றிக்கொண்டார். பளு தூக்கினால் உடம்பு இறுகிவிடும், இதயம் கெடும் என்று டாக்டர்களே பயமுறுத்திய காலம் அது. இவர் நோயாளிகளின் காலில் இரும்புச் செருப்பை மாட்டி, அதில் தட்டுகளைச் சேர்த்து, முடிகிற வரை கனமாகத் தூக்கச் சொன்னார். லேசாகப் பல தடவை தூக்கினால் வருவது தாக்குப்பிடிக்கும் சக்தி, கனமாகச் சில தடவை தூக்கினால் வருவது பலம் என்பது அவர் வாதம். 1945இல் கட்டுரையாக எழுதினார்.

என் பெரியப்பா விடியற்காலையில் நூறு பஸ்கி போடுவார். எட்டு மைல் சளைக்காமல் நடப்பார். நெல் மூட்டையைத் தூக்க ஆள் கூப்பிடுவார். டெலார்ம் பார்த்திருந்தால் கட்டுரையில் சேர்த்திருப்பார். தண்டால், பஸ்கியில் எண்ணிக்கைதான் ஏறும். கர்லாக்கட்டையில் மட்டும் சின்னது, பெரியது உண்டு. கை பழகப் பழகக் கனமான கட்டைக்குப் போகலாம்.

என்னைத் துள்ள வைத்த விஷயத்துக்கு வருகிறேன். டெலார்ம் ஆரம்பத்தில் வாங்கியது மூணு செட் இல்லை. ஏழு முதல் பத்து செட், அதாவது 70 முதல் 100 தடவை! அது அதிகம் என்று அவருக்கே பட்டது. 1948இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து மூன்றாகக் குறைத்தார். அந்த மூன்றும் ஒரே எடையில் அல்ல. பத்து தடவை தூக்க முடிந்து, பதினோராவது தடவை தூக்கவே முடியாத எடை எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். உங்களுக்கு அது 20 கிலோ என்றால் முதல் செட் 10 கிலோவில், இரண்டாவது 15இல், மூன்றாவதுதான் 20இல். முதல் இரண்டும் உடம்பைச் சூடாக்க. வாரம் ஒருமுறை மறுபடி சோதித்து, பலம் கூடியிருந்தால் எடையைக் கூட்ட வேண்டும்.

ஜிம்முக்கு வந்து சேர்ந்தது மூன்றும் பத்தும் மட்டும். பதினொன்று வழியிலேயே தொலைந்துவிட்டது. அதனால்தான் சேர்ந்த மாதம் எடுத்த ஐந்து கிலோ டம்பெல்லையே மறுவருஷமும் பத்து பத்தாக ஆட்டிக்கொண்டிருப்பவர்களை எல்லா ஜிம்மிலும் பார்க்கலாம். பத்துக்கு ஒரு மகிமையும் இல்லை. எட்டு தூக்கினாலும் பதினைந்து தூக்கினாலும், கடைசி ஓரிரு தடவை திணற வேண்டும், அவ்வளவுதான். புதியவர்கள் பதினோராவதை முயன்று பார்த்து முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இன்னும் ஒன்றிரண்டு முடியும் என்கிற இடத்தில் வைத்துவிடுங்கள். வாரம் இரண்டு நாள் போதும். உலக சுகாதார நிறுவனமும் குறைந்தபட்சம் அதைத்தான் கேட்கிறது.

'எனக்கு நாற்பத்தெட்டு, இனிமேலா?' என்று கேட்டு எழுதிய வாசகருக்கு: பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரை எட்டு வாரம் காலால் எடை தூக்க வைத்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அதைச் செய்தவர் மரியா ஃபியாட்டரோன் என்கிற டாக்டர். அடுத்த வாரம் அவர் கதை. முட்டை அதற்கடுத்த வாரம்.

(தொடரும்)